பார்க்காமல் வைத்த பெயர்

தில்லியின் ஜனவரிக் காலைகளில் விடுதிக் கழிவறையில் எவரும் அதிக நேரம் தங்குவதில்லை. தரை காலைக் கடிக்கும். கதவுக்கு வெளியே வாளியோடு இருவர் காத்திருப்பர். பிடித்து வைத்த வெந்நீர் ஆறிக்கொண்டிருக்கும். அப்படியொரு காலையில்தான் அந்த ஆய்வு மாணவி வெள்ளைப் பீங்கானில் சிவப்பைக் கண்டார். மாதவிலக்கோ என்று ஒரு கணம் நினைத்தார், நாட்கணக்கு ஒத்துவரவில்லை. தண்ணீரை ஊற்றினார், சிவப்பு போய்விட்டது. அறைக்குத் திரும்பும் சில அடி தூரத்திற்குள் அதற்கு ஒரு பெயரும் கிடைத்துவிட்டது: மூலம்.

அவருக்கு அப்போது வயது 29. வரலாற்றுத் துறையில் முனைவர் பட்ட ஆய்வின் ஐந்தாம் ஆண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காலனிய அரசு இந்தியாவில் இறப்புகளை எவ்வாறு பதிவுசெய்தது என்பது அவருடைய ஆய்வுப்பொருள். கிராமக் காவலாள் காவல் நிலையத்துக்கு வந்து, இன்னார் இறந்தார், இன்ன நோயால் இறந்தார் என்று சொல்வான். அது ஒரு கட்டத்தில் பதிவாகும். கட்டங்கள் சிலவே: காலரா, பெரியம்மை, காய்ச்சல், வயிற்றுப்போக்கும் சீதபேதியும், காயங்கள், பிற. பெரும்பாலான உடல்களை எந்த மருத்துவரும் பார்த்ததில்லை. மலேரியா, டைபாய்டு, காசநோய், பஞ்ச ஆண்டுகளில் பட்டினியும்கூட, ‘காய்ச்சல்’ என்ற ஒரே கட்டத்துக்குள் சென்று மறைந்தன. சுகாதார ஆணையர்கள் அவற்றைக் கூட்டி ஆண்டுதோறும் அறிக்கையாக வெளியிட்டனர். ஆய்வேட்டின் மூன்றாம் இயலில் அவர் முன்வைத்திருந்த வாதம் இதுதான்: பார்க்காமல் வைத்த பெயர் நோயறிதல் ஆகாது, மேற்கொண்டு கேள்வி எழாதபடி கணக்கை முடித்துவைக்கும் வழி அது.

அந்த இயலை எழுதியவர், தம் உடலிலிருந்து வெளியேறிய குருதியை எவரும் பார்க்காமலே ஒரு கட்டத்தில் அடைத்துவிட்டு நான்கரை மாதங்கள் இருந்தார்.

தமிழில் ‘மூலம்’ என்பது நோயின் பெயர் மட்டுமன்று; ஆதாரநூலும் மூலம்தான். மூலத்தைப் பார்க்காமல் மேற்கோள் காட்டாதே என்று முதலாண்டு மாணவர்களுக்குச் சொல்லித்தரும் துறையினர், இந்த ஒரு மூலத்தை மட்டும் எவரும் பார்க்கத் தேவையில்லை என்று எண்ணிவிடுகின்றனர்.

பெயர் பழகியது என்பதால் அச்சம் குறைகிறது. சுசுருத சம்ஹிதை எளிதில் தீராத எட்டுப் பெருநோய்களுள் ஒன்றாக மூலத்தைச் சொல்கிறது. இன்று அதை எவரும் பெருநோயாக நினைப்பதில்லை. தில்லியில் இரயில் பாதையோரச் சுவர்களில் ‘பவாசீர்’ என்ற சொல் சுண்ணாம்பெழுத்தில் நீண்டு ஓடுகிறது. அறுவையின்றிக் குணம், தொலைபேசி எண், அவ்வளவுதான். சுவரில் எழுதியிருக்கும் நோய்க்கு யார் அஞ்சுவார்?

ஒரு நியாயமும் இதில் உண்டு. இளவயதில் மலத்தோடு குருதி காணப்படுவதற்குப் பெரும்பாலும் காரணம் மூலமோ ஆசனவாயில் ஏற்படும் வெடிப்போதான். புள்ளிவிவரம் அவர் பக்கம் இருந்தது. ஆனால் ‘பெரும்பாலும்’ என்பது ஒரு கூட்டத்தைப் பற்றிய கூற்று. ஒரு தனி உடலைப் பற்றிய கூற்று அன்று. இந்த வேறுபாட்டை அவர் தம் வகுப்புகளில் பலமுறை விளக்கியிருக்கிறார்.

வீட்டுக்குப் பேசும்போது வயிறு சரியில்லை என்று மட்டும் சொன்னார். “சூடு கண்ணு. அந்த ஊரு சாப்பாடு உனக்கு ஒத்துக்கல. வெந்தயத்த ராத்திரியே ஊற வெச்சு, காலையில வெறும் வயித்துல குடி” என்றார் அம்மா. அவரும் குடித்தார். வெந்தயத்தின் மீது குற்றமில்லை. அம்மாவின் மீதும் இல்லை. ‘இரத்தம்’ என்ற சொல்லை மகள் உச்சரிக்கவே இல்லை. உச்சரித்திருந்தால் மறுநாளே அம்மா இரயில் ஏறியிருப்பார், அதனால்தான் உச்சரிக்கவில்லை.

அறைத்தோழி வங்காளத்தவர். வங்காளிகளுக்கு வயிறு வெட்கப்படும் பொருளன்று. ‘பிக்கு’ என்ற 2015ஆம் ஆண்டு இந்தித் திரைப்படம் முழுவதும் தில்லியில் வாழும் ஒரு வங்காள முதியவரின் மலச்சிக்கலைச் சுற்றியே நகரும். இரயில் நின்ற நேரத்தில் அவசரமாக ஒதுங்கிய ஒகில் சந்திர சென் என்ற பயணி, தம்மை விட்டுவிட்டு இரயில் கிளம்பியதைக் கண்டித்து 1909இல் சாகிப்கஞ்ச் இரயில்வே அலுவலகத்துக்கு எழுதிய கடிதமும் புகழ்பெற்றது. பலாப்பழம் தின்று வயிறு உப்பியதிலிருந்து நடந்தது அனைத்தையும் அவர் ஒளிக்காமல் எழுதினார். இந்திய இரயில் பெட்டிகளில் கழிவறை வந்ததற்கு அக்கடிதமே காரணம் என்று சொல்வோரும் உண்டு. அறைத்தோழியும் அந்த மரபில் வந்தவர். காலையில் எழுந்ததும் தம் வயிற்றின் நிலவரத்தை வானிலை அறிக்கைபோல் சொல்லிவிட்டுத்தான் தேநீர் போடுவார். அதே அறையில், மூன்றடி தள்ளியிருந்த கட்டிலில், இவர் தம் செய்தியை மறைத்துவைத்திருந்தார்.

பிப்ரவரியில் ஒருமுறை வளாகத்து மருத்துவ மையத்துக்குச் சென்றார். மேசைக்கு எதிரே நாற்காலி. அதன் பின்னால் அடுத்த மூன்று மாணவர்கள். திரைச்சீலை பாதிதான் மூடியிருந்தது. மருத்துவர், “என்ன தொந்தரவு?” என்றார். “லூஸ் மோஷன்” என்றார் இவர். ஐந்து நாளுக்கு மெட்ரோனிடசோல், உப்புச் சர்க்கரைக் கரைசல், அடுத்தவர். இரண்டு நிமிடம். சொல்லாத அறிகுறியை அந்த மருத்துவர் எழுதியிருக்க முடியாது. கேட்டிருக்கலாம் என்பது வேறு.

மாத்திரை முடிந்த வாரத்தில் குருதி நின்றது. ஆகவே மருந்து வேலை செய்தது என்று முடிவுசெய்தார். மார்ச்சில், ஹோலிக்குப் பிறகு, மீண்டும் தொடங்கியது, அதே அட்டையைச் சீட்டின்றி வாங்கி விழுங்கினார், மீண்டும் நின்றது. ஏப்ரலில் நிற்கவில்லை. குடல் நோய்கள் பல அலைபோல் ஏறி இறங்குபவை. மருந்தே உண்ணாவிட்டாலும் சில வாரங்கள் தணிந்திருக்கும். அந்தத் தணிவின்போது உட்கொண்ட எதுவும் பயன்தந்ததாகத் தோன்றும்: மாத்திரை, வெந்தயம், இசப்கோல், காரம் நீக்கிய உணவு. முன்னால் நடந்ததையே காரணமாகக் கொள்ளும் பிழையை ஆய்வுமுறையியல் தாளில் திருத்தியவர் அதே பிழையைத் தம்மிடம் காணவில்லை.

இதற்கிடையே மூன்று மாறுதல்கள் நேர்ந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கம் இருந்தது.

முதலாவது, எடை. 54 கிலோவிலிருந்து 48க்கு இறங்கியது. ஆய்வேட்டுக் கவலை என்றனர். சிலர் அழகாகிவிட்டதாகப் பாராட்டவும் செய்தனர்.

இரண்டாவது, மூச்சிரைப்பு. நூலகத்தின் மூன்றாம் மாடிக்கு ஏறுவதற்குள் நடுவே நிற்க வேண்டியிருந்தது. இரத்தசோகை என்று அவரே ஊகித்தார். இந்தியாவில் ஒரு பெண்ணுக்கு இரத்தசோகை இருப்பது செய்தியே அன்று. 2019–21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு அது உண்டு. மாதவிலக்கு, விடுதி உணவு என்று காரணங்கள் ஆயத்தமாக இருந்தன. எல்லோருக்கும் இருப்பதால் யாருக்கும் ஏன் வந்தது என்று கேட்கத் தோன்றுவதில்லை. கடையில் இரும்புச்சத்து மாத்திரை வாங்கினார். அம்மாத்திரை மலத்தைக் கறுப்பாக்கும். மேல்குடலிலோ இரைப்பையிலோ குருதி கசிந்தாலும் மலம் கறுக்கும். அடையாளத்தின் மீதே மை பூசியதுபோல் ஆயிற்று.

மூன்றாவது, இரவு. ஆழ்ந்த உறக்கத்திலிருந்து வயிறு எழுப்பியது. முதலில் ஒருமுறை, பிறகு இருமுறை. இணையத்தில் தேடியபோது, மன அழுத்தத்தால் ஏறி இறங்கும் ‘எரிச்சல் குடல்’ பற்றி வாசித்தார். ஆய்வு மாணவருக்கு அளவெடுத்துத் தைத்த நோய்போல் இருந்தது. ஆனால் அதே பக்கங்களில் மற்றொரு செய்தியும் இருந்தது: எரிச்சல் குடலால் குருதி வராது, எடை குறையாது, உறங்குபவரை அது வழக்கமாக எழுப்புவதுமில்லை. அந்த வரிகளை அவர் வேகமாகக் கடந்தார்.

தள்ளிப்போடுவதற்கான காரணங்கள் அனைத்தும் உண்மையானவை. பிப்ரவரியில் இயல் சமர்ப்பிப்பு. மார்ச்சில் உதவித்தொகை வரவில்லை. ஏப்ரலில் நெறியாளர் வெளிநாடு செல்லுமுன் வரைவைக் கேட்டிருந்தார். மே மாதத்தில் ஆவணக் காப்பக வேலையை முடித்தாக வேண்டும். பொய்க் காரணமென்றால் மனம் எங்காவது உறுத்தியிருக்கும். உண்மைக் காரணங்கள் உறுத்துவதில்லை. வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன. அவற்றின் அடியில் ஒரு சொல் கிடந்தது. மருத்துவரிடம் போனால் அச்சொல்லை யாராவது சொல்லிவிடுவார்கள் என்ற அச்சம் இருந்தது. ‘பிளாக் பாந்தர்’ நடிகர் சாட்விக் போஸ்மன் பெருங்குடல் புற்றுநோயால் 2020இல் 43 வயதில் இறந்த செய்தியை அவர் அறிவார். அந்தப் பக்கம் வந்தால் கைப்பேசியைத் திருப்பி வைத்துவிடுவார்.

மே இறுதியில் ஒருநாள் ஜன்பத் சாலையிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், முற்பகலுக்குள் ஐந்துமுறை இருக்கையைவிட்டு எழுந்தார். கேட்டிருந்த கோப்பு மேசைக்கு வந்து பிரிக்கப்படாமலே திரும்பியது. மாலையில் விடுதியறையில் கட்டிலில் சுருண்டு கிடந்தவரைப் பார்த்து அறைத்தோழி இரண்டே கேள்வி கேட்டார். “ரத்தம் போகிறதா?” பதில் இல்லை. “எப்போதிலிருந்து?”

“கொஞ்ச நாளாகத்தான்” என்றார் இவர்.

“கொஞ்ச நாள் என்றால்? உன் ஆய்வேட்டில் அப்படி எழுதுவாயா?”

அந்தக் கேள்வி தைத்தது. நினைவை நம்ப வேண்டாம், பதிவைப் பார்ப்போம் என்று இருவரும் கைப்பேசியைத் திறந்தனர். யூபிஐ கட்டணப் பட்டியல் இருந்தது. விடுதி வாயிலுக்கு எதிரேயுள்ள மருந்துக்கடைக்கு முதல் தொகை சென்ற நாள் ஜனவரி 14. பிறகு ஜனவரியில் இன்னொன்று, பிப்ரவரியில் இரண்டு, மார்ச்சில் மூன்று, ஏப்ரலில் நான்கு, மே முடிவதற்குள் ஆறு. களிம்பு, இசப்கோல், மெட்ரோனிடசோல், இரும்புச்சத்து, வலி மாத்திரை. பதினேழு பதிவுகள். கொஞ்ச நாள் என்று அவர் மனமார நம்பியிருந்தது நான்கரை மாதமாக அங்கே கிடந்தது. இடைவெளி குறைந்துகொண்டே வந்திருந்ததையும் பட்டியல் காட்டியது. வேறெந்தக் கோப்பிலாவது இப்படியொரு வரிசையைக் கண்டிருந்தால் அவர் அன்றிரவே அதைப் பற்றி எழுதத் தொடங்கியிருப்பார்.

எப்போது மருத்துவரைக் காண்பது என்ற கேள்விக்கான விடை அவ்வளவு மங்கலானதன்று. மருத்துவம் அதை ஓரளவு தெளிவாகவே வரையறுத்து வைத்திருக்கிறது.

மலத்தில் குருதி என்பது எந்த வயதிலும் ஒருமுறையாவது மருத்துவர் பார்த்தாக வேண்டியது. வலியோடு தாளில் படும் துளி வெடிப்பாக இருக்கலாம். வலியின்றிச் சொட்டுவது மூலமாக இருக்கலாம். மலத்தோடு கலந்து, சீதத்தோடு வருவது அழற்சியாகவோ தொற்றாகவோ கட்டியாகவோ இருக்கலாம். ‘இருக்கலாம்’ என்பதைத் தாண்டி நிறத்தை மட்டும் வைத்து மருத்துவராலும் சொல்ல இயலாது. மூலம் இருப்பவருக்கு அதற்கு மேல் வேறொன்றும் இருக்கலாம்.

கழிவுப் பழக்கத்தில் ஏற்படும் மாறுதல் அடுத்தது. தொற்றால் வரும் பேதி பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் அடங்கும். மூன்று வாரம் கடந்தும் பழைய நிலைக்குத் திரும்பாத பேதியோ மலச்சிக்கலோ காத்திருக்கும் எல்லையைத் தாண்டிவிட்டது. இங்கே ஒப்பீடு மற்றவரோடு அன்று. அவரவருடைய பழைய வழக்கத்தோடுதான். ஒருவருக்கு நாளுக்கு இருமுறை இயல்பு. மற்றொருவருக்கு இரண்டு நாளுக்கு ஒருமுறை இயல்பு. சொல்லக் கூசுவோருக்கென்றே ஒரு கருவியும் உண்டு. பிரிட்டனின் பிரிஸ்டலைச் சேர்ந்த லூயிஸ், ஹீட்டன் ஆகியோர் 1997இல் வெளியிட்ட அட்டவணை, மலத்தை ஏழு வகையாகப் படம்போட்டுப் பிரிக்கிறது. ‘ஆறாம் வகை, நாளுக்கு நான்குமுறை’ என்று சொல்வதில் எந்த வெட்கமும் இல்லை. அது ஒரு தரவு.

முயலாமலே குறையும் எடை, காரணம் தெரியாத இரத்தசோகை, உறக்கத்தைக் கலைக்கும் பேதி, கழித்த பின்னும் கழிக்காதது போன்ற உணர்வு, விட்டுவிட்டு வரும் காய்ச்சல், வயிற்றில் கைக்குத் தட்டுப்படும் கட்டி: இவற்றுள் ஏதேனும் ஒன்று சேர்ந்தாலும் நாள் குறிக்க வேண்டும். பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ பெருங்குடல் புற்றுநோய் இருந்திருந்தால், அறிகுறியே இல்லாவிட்டாலும், 40 வயதிலோ அவர்களுக்கு நோய் தெரிந்த வயதுக்குப் பத்தாண்டு முன்னரோ, எது முந்தியோ, அப்போது பரிசோதனையைத் தொடங்குமாறு அறிவுறுத்துகின்றனர்.

சிலவற்றுக்கு மறுநாள்கூடக் கிடையாது. நிற்காமல் கட்டிகட்டியாகக் குருதி போதல், தலைசுற்றி விழுதல், தார்போல் கறுத்து நாறும் மலம், வயிறு உப்பிக் காற்றும் பிரியாமல் வாந்தியோடு வலித்தல், காய்ச்சலோடு நாளில் ஆறுமுறை அல்லது அதற்கு மேல் குருதிப் பேதி ஆகியவை அவசரப் பிரிவுக்கு உரியவை.

அறிகுறி இல்லாதவர்களைத் தேடிச் சென்று சோதிக்கும் ஏற்பாடு சில நாடுகளில் உண்டு. அமெரிக்காவில் பரிசோதனை தொடங்கும் வயதை 2021இல் 50இலிருந்து 45ஆகக் குறைத்தனர். இந்தியாவின் பொதுச் சுகாதாரத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்கே மக்கள்தொகை அளவிலான சோதனை உண்டு, பெருங்குடலுக்கு இல்லை. இங்கே இந்நோய் மேலைநாடுகளைவிடக் குறைவு என்பது அதற்கொரு காரணம். அதே வேளையில், இங்குள்ள மருத்துவமனைகளுக்கு வரும் நோயாளிகளில் இளையோரின் பங்கு மேலைநாடுகளைவிடக் கூடுதல். மக்கள்தொகையே இளமையானது என்பதும் அதற்கு ஒரு பகுதிக் காரணம். ஆகவே அதை வைத்து அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் வாசலுக்கு வந்து கதவைத் தட்ட எவரும் வரப்போவதில்லை என்பதை அறிந்துகொள்ளலாம். இங்கே அறிகுறி ஒன்றே அழைப்பு. அதைப் படித்துப் புறப்பட வேண்டியவர் நோயாளியே.

ஜூன் முதல் வாரத்தில் இருவரும் ஓர் அரசு மருத்துவமனைக்குச் சென்றனர். காலை ஆறரைக்கு வரிசையில் நின்று சீட்டு வாங்கி, பதினோரு மணிக்கு இரைப்பை–குடல் பிரிவின் பெண் மருத்துவர் முன் அமர்ந்தனர். அங்கும் நெரிசல்தான், அங்கும் நேரம் குறைவுதான். ஆனால் இம்முறை கையில் ஒரு தாள் இருந்தது. தொடங்கிய நாள், நாளுக்கு எத்தனை முறை, குருதி கலந்தா தனியாகவா, இரவில் எழுந்த நாட்கள், எடை, உண்ட மருந்துகள், குடும்பத்தில் நோய் என ஏழு வரிகள். மருத்துவர் அதை இருமுறை படித்தார். “இதை எல்லோரும் கொண்டுவந்தால் என் வேலை பாதியாகும்” என்றார். பிறகு திரைக்குப் பின்னால் கையுறை அணிந்த விரலால் ஆசனவாயைச் சோதித்தார். நான்கரை மாதம் அஞ்சிய காரியம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது. மூலம் இருக்கிறதா என்ற கேள்விக்கு, “அங்கே அப்படி ஒன்றும் தெரியவில்லை” என்றார்.

குருதிச் சோதனையில் ஹீமோகுளோபின் 8.9, இருக்க வேண்டியது குறைந்தது 12. மலத்தில் கிருமி, அமீபா உண்டா என்று பார்த்தனர். குடலில் அழற்சி இருந்தால் மலத்தில் மிகும் கால்புரொடெக்டின் என்ற புரதத்தையும் அளந்தனர். கிருமி இல்லை, புரதம் மிகுந்திருந்தது. அடுத்தது கொலனோஸ்கோபி. பெருங்குடலுக்குள் வளையும் குழாயைச் செலுத்திப் பார்ப்பதும், வயிற்றைத் திறக்காமலே உள்ளிருக்கும் சிறு முகிழ்களைக் கண்ணியிட்டு எடுப்பதும் 1969இல் நியூயார்க்கில் வுல்ஃப், ஷின்யா ஆகிய இரு மருத்துவர்களின் கைகளில் நடைமுறையாகின. புற்றாக மாறக்கூடிய முகிழை மாறுமுன்பே நீக்கிவிடலாம் என்பது அதன் பெரும்பேறு.

சோதனையைவிட அதற்கு முந்தைய இரவுதான் கடினம். இரண்டு லிட்டர் பேதிக் கரைசலை உப்பும் எலுமிச்சையும் கலந்த சுவையோடு குடித்து முடிக்க வேண்டும். விடுதியின் பொதுக் கழிவறையில் அது நடக்காத காரியம் என்று அறைத்தோழி தம் உறவினர் வீட்டில் ஓர் அறை கேட்டு வாங்கினார். மறுநாள் மயக்க மருந்து. அரை மணி நேரம். எழுந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அம்மா ஈரோட்டிலிருந்து வந்து வெளியே அமர்ந்திருந்தார். “இத்தன நாளு ஏன் கண்ணு சொல்லல?” என்று மட்டும் கேட்டார்.

புற்றுநோய் இல்லை. பெருங்குடல் புண் அழற்சி. மலக்குடலில் தொடங்கி இடப்பக்கக் குடல் வரை தொடர்ச்சியாக உள்தோல் சிவந்து புண்ணாகியிருந்தது. இருபது, முப்பது வயதுகளில் தோன்றுவது இந்நோய்க்கு வழக்கம். மேலைநாட்டு நோய் என்று ஒருகாலத்தில் கருதப்பட்டது; ஆனால் பஞ்சாபில் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வொன்று, லட்சம் பேரில் ஏறத்தாழ 44 பேருக்கு அது இருப்பதாகக் கண்டது. முற்றிலும் அகற்றும் மருந்து இல்லை. அடக்கிவைக்கும் மருந்து உண்டு. மெசலமின் மாத்திரையும், இரவில் மலக்குடல் வழியே செலுத்தும் அதே மருந்தும் தந்தனர். எட்டு, பத்து ஆண்டுகளுக்குப் பிறகு குறிப்பிட்ட இடைவெளியில் கொலனோஸ்கோபி செய்துகொள்ள வேண்டும். நீண்டநாள் அழற்சி புற்றாகும் வாய்ப்பைக் கூட்டும் என்பதால்.

கிருமி உண்டா என்று முதலில் ஏன் அவ்வளவு தேடினர் என்பதையும் மருத்துவர் விளக்கினார். அமீபாவால் வரும் குடல்புண் இதைப்போலவே தோன்றும். அதை இந்நோய் என்று தவறாக எண்ணி ஸ்டீராய்டு கொடுத்தால் உயிருக்கே கேடாகலாம். குடல் காசநோயும் இந்தியாவில் இத்தகைய குழப்பத்தைத் தரும். ஒரே அறிகுறி, எதிரெதிரான மருத்துவம். மருந்துக்கடைக்காரரும் இணையமும் நோயாளியின் ஊகமும் பிரித்தறிய முடியாத இடம் அது.

ஆவணங்களோடு வாழ்ந்தவர் ஒரு கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. “ஜனவரியிலேயே வந்திருந்தால் இவ்வளவு பரவியிருக்காதா?”

“தெரியாது. அப்போது யாரும் பார்க்கவில்லையே” என்றார் மருத்துவர்.

கடிந்து சொல்லப்பட்ட சொல் அன்று அது. ஆனால் காவலாள் சொன்னதை எழுதிவிட்டு மூடிய பதிவேடுகளைப் பற்றி அவரே பலமுறை எழுதிய வாக்கியம் அதுதான். பிந்தி வந்ததால் எதை இழந்தோம் என்பதைக்கூட அறிய முடியாமல் போவதே பிந்தியதன் இழப்பு.

ஆய்வேட்டுக்கு ஆறுமாத நீட்டிப்புக் கிடைத்தது. மருத்துவச் சான்று கேட்டபோது நோயின் பெயரை முழுதாக எழுதிக் கொடுத்தார். துறை அலுவலகத்தில் எவரும் சிரிக்கவில்லை. எழுத்தர் ஒருவர் மட்டும் தாளை வாங்கியபின் தாழ்ந்த குரலில், தம் மனைவிக்கும் மூன்று மாதமாக இப்படித்தான் என்றும் எந்த மருத்துவமனை என்றும் கேட்டார்.

அதன் பிறகு விடுதியில் சிலர் இரவில் வந்து கதவைத் தட்டுகின்றனர். அவர் நோயின் பெயர் எதையும் சொல்வதில்லை. மூன்று கேள்விகள் கேட்கிறார்: எந்தத் தேதியிலிருந்து? பழைய வழக்கத்திலிருந்து என்ன மாறியது? இதுவரை யார் பார்த்தார்கள்? மூன்றாவது கேள்விக்கு ‘யாரும் இல்லை’ என்பது விடையானால் மற்ற இரண்டுக்கும் பதில் வரும்வரை காத்திருப்பதில்லை. தாளை எடுத்து ஏழு வரிகளையும் எழுதச் செய்து, எந்த நாளில் வெளிநோயாளர் பிரிவு உண்டு என்று சொல்லியனுப்புகிறார். தனியே போகத் தயங்கினால் உடன் செல்கிறார்.

சென்ற மாதம் முதலாண்டு மாணவி ஒருவர் அப்படிப் போய்வந்தார். வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தார். “அக்கா, வெறும் மூலம்தான். நார்ச்சத்து சாப்பிடச் சொன்னார்கள், அவ்வளவுதான். வீணாக ஒரு நாள் போயிற்று.”

வீணாகவில்லை. முந்தைய நாள்வரை அது ஒரு பெயர். அன்றுதான் ஒருவர் பார்த்துச் சொன்னார்.